கைப்பிரேக் நான்காவது கிளிக்கில் நின்றது, கார் நிற்கவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

கைப்பிரேக் தளர்ந்துவிட்டால் நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இருக்கைகளுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுவார்கள். கைப்பிடியின் அடியில் இருக்கும் நட்டை நாலைந்து சுற்று இறுக்குவார்கள். கைப்பிடி முன்பைவிடச் சீக்கிரம் நிற்கும்; உரிமையாளரும் திருப்தியோடு கிளம்பிவிடுவார். எல்லாம் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ததால் ஒரு கார் எந்த நிலைக்கு வந்தது, அதில் எவ்வளவு தூரத்தை வீட்டு வாசலிலேயே சரிசெய்ய முடிந்தது, எந்த இடத்தில் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டியும் புகாரும்

2012இல் பதிவான சிறிய ஜப்பானிய செடான் கார். தானியங்கி கியர், முன்சக்கர இயக்கம். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். கைப்பிரேக் பழைய பாணியில் கையால் இழுத்து உயர்த்துவது. எடை ஏறக்குறைய 1,100 கிலோ. உரிமையாளர் என் மனைவியின் தம்பி. சிங்கப்பூரின் யீஷூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் குடியிருப்பவர். இங்கே கார் வைத்திருக்கத் தேவைப்படும் வாகன உரிமைச் சான்றிதழின் பத்தாண்டு 2022இல் முடிந்தபோது, இன்னும் ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்துக்கொண்டார்.

பத்து வயதைத் தாண்டிய காருக்கு இங்கே இரண்டு சுமைகள் கூடுகின்றன. அதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை இருந்த கட்டாயச் சோதனை ஆண்டுதோறும் என்று ஆகிவிடுகிறது. சாலை வரியும் 10 விழுக்காட்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 50 விழுக்காடு வரை கூடுகிறது. அதனால் இப்படிப்பட்ட வண்டிக்குச் செலவு செய்யும்போது எவரும் இரண்டு முறை யோசிப்பார்கள். மைத்துனரும் யோசித்தார். கைப்பிடி வழக்கத்தைவிட உயரமாக ஏறிப்போனபோதெல்லாம் நட்டை இறுக்கித் தரும் ஒரு பட்டறைக்கே போய்வந்தார். அவர்கள் காசுகூட வாங்கவில்லையாம். வாங்கியிருந்தால் நல்லது; வாங்கிய காசுக்காகவாவது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்.

2024 சோதனையில் கார் தேறவில்லை. உருளைகளின்மேல் பின்சக்கரங்களை ஏற்றிக் கைப்பிரேக்கை இழுத்துப் பார்த்தபோது, வலது சக்கரத்தின் பிடிப்பு இடது சக்கரத்தின் பிடிப்பில் பாதிகூட இல்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு கடைத்தொகுதியின் வாகன நிறுத்துமிடச் சரிவில் வரிசையில் நின்றபோது, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு நியூட்ரலில் காலை எடுத்தாராம். வண்டி பின்னால் நழுவியது. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்ததால் சுதாரித்துக்கொண்டார்.

அவருடைய குழப்பம் நியாயமானது. "அத்தான், கைப்பிடி நான்காவது கிளிக்கிலேயே கல் மாதிரி நிற்கிறது. இதற்குமேல் எதை இறுக்குவது?" என்று கேட்டார்.

கைப்பிடி என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை

கைப்பிடியை உயர்த்தும்போது கேட்கும் கிளிக் ஒவ்வொன்றும், அடியில் இருக்கும் பற்களில் ஒரு கொக்கி ஏறும் ஓசை. கைப்பிடியிலிருந்து கிளம்பும் கேபிள், காரின் அடியில் ஒரு சமன்தண்டில் போய்ச் சேர்கிறது. அதன் இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு கேபிள் பின்சக்கரங்களுக்குப் போகிறது. டிரம்முக்குள் அந்தக் கேபிள் ஒரு சிறிய நெம்புகோலை இழுக்கிறது. நெம்புகோல் இரண்டு பிரேக் ஷூக்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளி டிரம்மின் உள்சுவரில் அழுத்துகிறது.

எனவே கைப்பிடி எத்தனை கிளிக்கில் நிற்கிறது என்பது இரண்டு விஷயங்களின் கூட்டுத்தொகை: கேபிளில் இருக்கும் தொய்வு ஒன்று, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மற்றொன்று. ஷூவின்மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய இரண்டாவது கூடும். ஆனால் நட்டை இறுக்கினால் குறைவது முதலாவதுதான். எண்ணிக்கை பழையபடி ஆகிவிடும். இடைவெளி அப்படியே இருக்கும். கேபிள் உறைக்குள் துருப்பிடித்து உரசினாலும் கைப்பிடி கனமாகத்தான் இருக்கும். அதையும் நாம் இறுக்கம் என்றே எடுத்துக்கொள்வோம்.

எவ்வளவு பிடிப்பு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் 1,100 கிலோ கார் நின்றால், அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 110 கிலோ. இரு பின்சக்கரங்களும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 55 கிலோ. பயணிகள் கார்களுக்கான ஐநா பிரேக் விதிமுறை 13-எச் கேட்பது இதைவிடக் கடினமானது: முழுச் சுமையோடு 20 விழுக்காட்டுச் சரிவில், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும், நிறுத்துபிரேக், அதாவது கைப்பிரேக், மட்டுமே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒழுங்காக இருக்கும் டிரம் பிரேக்குக்கு இது பெரிய காரியமில்லை.

எங்கே வைத்துப் பார்ப்பது

வீவக வாகன நிறுத்துமிடத்தில் சக்கரத்தைக் கழற்றி வேலை பார்க்க விதி இடம் தருவதில்லை. நின்றுபோன வண்டியை அங்கிருந்து நகர்த்துவதற்குத் தேவையான பழுதுபார்ப்புதான் விதிவிலக்கு. விதியை விடுங்கள், பிரேக் திரவமும் துருத்தூளும் அடுத்தவர் நிற்கும் இடத்தில் சிந்துவது முறையும் அல்ல. என் பெரியப்பாவுக்கு சிலேத்தாரில் தரைவீடு இருக்கிறது. வாசலில் ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கூரையும், மட்டமான சிமெண்ட் தரையும் உண்டு. அங்கே கொண்டுபோனோம். அவர் முன்பு லாரி ஓட்டியவர். பிரேக் என்றால் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துகொள்பவர்.

சக்கரத்தைத் தூக்குமுன் காரில் உட்கார்ந்தபடியே ஒரு சோதனை செய்தோம். இதைப் பலர் செய்வதில்லை, ஆனால் இரண்டு நிமிடத்தில் பாதி நோய் தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது கால்பிரேக்கை மிதித்து, மிதிகட்டை எவ்வளவு கீழே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கைப்பிரேக்கை முழுதாக இழுத்துவைத்து மறுபடி மிதிக்க வேண்டும். பின்சக்கர ஷூக்கள் டிரம்முக்கு அருகில் சரியாக இருந்தால் இரண்டு முறையும் மிதிகட்டை கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். இந்தக் காரில் கைப்பிரேக் இழுத்திருந்தபோது மிதிகட்டை இரண்டு விரல்கடை மேலேயே நின்றது. அதாவது கைப்பிரேக் ஷூக்களை நகர்த்திக் கொடுத்த தூரத்தை மற்ற நேரங்களில் கால்பிரேக்கின் திரவம் நகர்த்திக்கொண்டிருக்கிறது. நோய் சக்கரத்தில் இருக்கிறது, கைப்பிடியில் இல்லை.

இரண்டாவது தடயம் வெப்பம். யீஷூனிலிருந்து ஓட்டி வந்து நிறுத்தியதும் இரண்டு பின்சக்கரங்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோனோம். இடதுபக்கம் அனல் அடித்தது. வலதுபக்கம் வெதுவெதுப்புக்கூட இல்லை. அளந்தே பார்க்கலாம் என்று பெரியம்மா கொவிட் காலத்து நெற்றி வெப்பமானியைக் கொண்டுவந்து கொடுத்தார். அது உடல்சூட்டை ஒட்டிய சில பாகைகளுக்கு மேல் எதையும் காட்டாது. தொழிற்கூடங்களில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானிதான் இதற்கு வேண்டும். கை போதும் என்று விட்டுவிட்டோம்.

தூக்கிய பிறகு

பின்பக்கத்தைத் தூக்கப்போகிறோம், கைப்பிரேக்கையோ விடுவித்தாக வேண்டும். ஆக வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன்சக்கரங்கள் மட்டுமே. தானியங்கி கியரை P நிலையில் வைத்து, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்தோம். ஜாக்கியால் தூக்கிய உடனே இரண்டு பக்கமும் தாங்கிகளில் இறக்கினோம். ஜாக்கியின்மேல் நிற்கும் காருக்குக் கீழே தலையைக் கொடுப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை. அவர்கள் இதைப் படிப்பதைவிட ஒரு ஜோடித் தாங்கி வாங்கலாம்.

கைப்பிரேக் விடுவித்த நிலையில் வலது சக்கரத்தைத் தள்ளிவிட்டால் சுற்றிக்கொண்டே போனது. இடது சக்கரம் அரைச் சுற்றுக்குமேல் வரவில்லை. உள்ளே சரசரவென்று உரசல். கைப்பிடியை முழுதாக இழுத்தபோது இடது சக்கரம் பூட்டிக்கொண்டது. வலது சக்கரத்தை என்னால் இரண்டு கைகளாலும் திருப்ப முடிந்தது.

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. இடது சக்கரம் உரசுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: கேபிள் அளவுக்குமீறி இழுக்கப்பட்டிருக்கலாம், கால்பிரேக்கின் திரவத்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் சிக்கியிருக்கலாம், ஷூக்களை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. கைப்பிடியின் அடியில் உள்ள நட்டை முழுதாகத் தளர்த்தினோம். மைத்துனரை மறுபடி சக்கரத்தைத் திருப்பச் சொன்னேன். திருப்பினார். இடது சக்கரமும் தாராளமாகச் சுற்றியது.

"அப்படியென்றால் இத்தனை நாளும் கைப்பிரேக்கைப் போட்டுக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறேனா, அத்தான்?"

ஒரு பக்கத்துக்கு மட்டும், ஆம். விளக்கு எரியாததால் அவருக்குத் தெரியவில்லை. டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு கைப்பிடி உயர்ந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது. ஷூ உரசுகிறதா என்பதை அல்ல.

டிரம்முக்குள்

வலது டிரம் அச்சோடு துருவால் ஒட்டியிருந்தது. ஜப்பானிய டிரம்களின் முகத்தில் எதிரெதிராக இரண்டு மரைத்துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளைப் போட்டு மாறிமாறி இறுக்கினால் டிரம் தானாகவே வெளியே வரும். சுத்தியலால் அடித்து விளிம்பை உடைப்பதற்கு முன் இந்தத் துளைகளைத் தேடிப் பார்ப்பது நல்லது; துரு மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கழன்றதும் பிரேக் கழுவும் திரவத்தைத் தெளித்துத் தூசியை ஈரமாக்கித் துடைத்தோம். வாயால் ஊதுவதும், காற்றுக்குழாயால் அடிப்பதும் கூடவே கூடாது. எந்தக் காலத்து லைனிங், அதில் என்ன கலந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது; நுரையீரலுக்கும் தெரியாது.

இரண்டு ஷூக்களுக்கும் நடுவே, மேற்புறத்தில் குறுக்காக ஒரு கம்பி இருக்கும். அதன் நடுவில் மரையும், நட்சத்திரம் போன்ற பல்சக்கரமும் உண்டு. பிரேக்கை மிதிக்கும்போது லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால், பக்கத்தில் இருக்கும் சிறு தகடு அந்தப் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும், கம்பி நீளும், இடைவெளி குறையும். கார் உற்பத்தியாளர் இதைத் தானியங்கிச் சரிப்படுத்தல் என்கிறார். வலது சக்கரத்தில் அந்தப் பல்சக்கரம் செங்கல் நிறத்தில் இருந்தது. ஸ்குரூ டிரைவரால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. தகட்டின் முனை ஒரே பல்லின்மேல் தேய்த்துத் தேய்த்து அங்கே மட்டும் வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்திருந்தது. பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அது தன் வேலையைச் செய்யப் பார்த்திருக்கிறது.

வலது ஷூக்களில் லைனிங் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புதிதாக 4 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் ஆனால் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆக வலதுபக்கம் தேய்ந்ததே கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தையும் யாரும் ஈடுகட்டவில்லை. இடது டிரம்மைத் திறந்தபோது கதை நேர்மாறாக இருந்தது. அங்கே பல்சக்கரம் நன்றாகவே சுழன்றது. லைனிங் ஒன்றரை மில்லிமீட்டருக்கு இறங்கி, மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. விடாமல் உரசிச் சூடேறிய லைனிங் இப்படித்தான் ஆகும். இந்தப் பளபளப்புக்குப் பிடிப்புக் குறைவு. சரிவில் கார் நழுவியதில் இதற்கும் பங்கு உண்டு. இரண்டு டிரம்களின் உள்விட்டத்தையும் அளந்தோம். புதிதில் 200 மில்லிமீட்டர். 201 வரை பயன்படுத்தலாம் என்று வார்ப்பிலேயே பொறித்திருக்கிறது. இரண்டும் எல்லைக்குள் இருந்தன.

கடைசியாகக் கேபிள்கள். ஷூ நெம்புகோலிலிருந்து கழற்றிவிட்டு, உள்கம்பியைக் குறடால் பிடித்து இழுத்தேன். இடது கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது, விட்டதும் தளர்வாகத் திரும்பியது. வலது கம்பி ஒரு உதறலோடு வந்து, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. டிரம்முக்குப் பின்னால் ஷூக்களைத் தாங்கி நிற்கும் பின்தகட்டுக்குள் கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் உறை பிளந்திருந்தது. அந்தப் பிளவு மேல்நோக்கி இருந்தது.

இதன்பிறகு சங்கிலியை முன்னிருந்து கோக்கலாம். வலது கேபிளின் ரப்பர் எப்போதோ கிழிந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், கிழிந்த ரப்பர் ஒரு புனல்தான். 2020இல் கொவிட் பரவலைத் தடுக்க எல்லாரும் வீட்டிலேயே இருந்த கிருமி முறியடிப்புக் காலத்தில், ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கார் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. பல்சக்கரத்தின் துரு அப்போது உறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. வலதுபக்கம் இடைவெளி கூடக்கூடக் கைப்பிடி உயரம் போனது. பட்டறை நட்டை இறுக்கியது. இறுக்கத்தின் பெரும்பகுதி, எளிதாக நகரும் இடது கேபிளுக்கே போய்ச் சேர்ந்தது. இடது நெம்புகோல் தன் ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் போனது, இடது ஷூ உரசத் தொடங்கியது, தேய்ந்தது. தேய்ந்ததால் கைப்பிடி மறுபடி உயரம் போனது. மறுபடி நட்டு.

பெரியப்பா அதுவரை ஒன்றும் பேசவில்லை. "தம்பி, வலது மாடு படுத்துக்கொண்டது. இடது மாட்டைச் சாட்டையால் அடித்திருக்கிறார்கள். வண்டி எப்படி நேராகப் போகும்?" என்றார். லாரி ஓட்டுவதற்கு முன் ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்.

வாசலில் முடிந்ததும் முடியாததும்

ஷூக்களை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் சமநிலை வராது. ஜாலான் புசார் பக்கத்து உதிரிபாகக் கடையில் ஷூ ஜோடிகள், ஸ்பிரிங் தொகுப்பு, வலதுபக்கப் பல்சக்கரக் கம்பி, வலது கேபிள் ஆகியவற்றை வாங்கிவந்தார் மைத்துனர். வலதும் இடதும் வேறுவேறு என்பதைக் கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லச் சொன்னேன். இரு பக்கப் பல்சக்கரங்களின் மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டியிருக்கும். மாற்றிப் பூட்டினால், நெருங்க வேண்டிய ஷூ ஒவ்வொரு மிதிக்கும் விலகிக்கொண்டே போகும். இதற்காகத்தான் ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும் என்பார்கள். பிரிக்குமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும், மறுபக்கத்தைப் பார்த்துப் பூட்டுவதும் எந்தக் கையேட்டையும்விட உதவும்.

ஸ்பிரிங்குகளைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. கண்ணாடி அணியுங்கள், அவை எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பின்தகட்டில் ஷூ உரசும் மேடுகளிலும் பல்சக்கர மரையிலும் வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லியதாகத் தடவினோம். லைனிங்கில் ஒரு பொட்டுக் கிரீஸ் பட்டாலும் அந்த ஷூ குப்பைக்குத்தான்.

கேபிளை மட்டும் நாங்கள் தொடவில்லை. அதை மாற்றப் புகைக்குழாயின் மேலிருக்கும் வெப்பத்தகட்டை இறக்க வேண்டும். அதன் போல்ட்டுகள் துருவேறியிருந்தன. தரையில் மல்லாந்து படுத்து, தலைக்குமேல் முறியப்போகும் போல்ட்டோடு மல்லுக்கட்டுவது வீட்டு வேலை அல்ல. காக்கி புக்கிட்டில் தூக்குமேடை உள்ள ஒரு பட்டறைக்குக் காரை அனுப்பினோம். ஷூக்களும் பல்சக்கரங்களும் அதற்குள் வாசலிலேயே முடிந்திருந்தன. கால்பிரேக் முழுப் பலத்தோடு இருந்தது. பட்டறையில் சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று: கேபிளை மாட்டுங்கள், கைப்பிடி நட்டைத் தளர்வாகவே விடுங்கள். மைத்துனர் சொன்னார். அங்கிருந்தவர் வியப்பாகப் பார்த்தாராம்.

சரிப்படுத்திய வரிசை

கார் திரும்பி வந்ததும் மறுபடி தாங்கிகளில் ஏற்றினோம். நட்டு தளர்ந்திருக்கிறது, ஆகவே டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் தன் ஓய்வு நிலையில் தொட்டு நிற்கிறது. அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான் டிரம்மைப் போட்டோம். இந்த ஒரு நிபந்தனை இல்லாமல் மேற்கொண்டு செய்வதெல்லாம் வீண்.

பின்தகட்டில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும். அதைக் கழற்றி, துளை வழியாக ஸ்குரூ டிரைவரை நுழைத்துப் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ள வேண்டும். ஒருவர் தள்ள, ஒருவர் டிரம்மைச் சுற்றிக்கொண்டே இருப்பது வசதி. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஓரிடத்தில் மட்டும் லேசாக உரசும். அப்புறம் சுற்று முழுவதும் உரசும். கடைசியில் டிரம் பூட்டிக்கொள்ளும். அங்கிருந்து எட்டுப் பல் பின்னுக்கு வரச் சொல்கிறது இந்தக் காரின் கையேடு. வண்டிக்கு வண்டி எண்ணிக்கை மாறும். பின்னுக்கு வரும்போது தானியங்கித் தகடு பல்லைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இன்னொரு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் அந்தத் தகட்டைச் சற்றே விலக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு ஸ்குரூ டிரைவர்களை ஒரே துளைக்குள் விட்டு ஆட்டுவதற்குப் பொறுமை வேண்டும். கெட்ட வார்த்தை வராமல் இதை முடித்தவரை நான் பார்த்ததில்லை. பெரியம்மா உள்ளே போய்விட்டார்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் கால்பிரேக்கைப் பலமுறை அழுத்தி மிதித்தார் மைத்துனர். ஷூக்கள் டிரம்முக்குள் நடுவாக அமர இது வேண்டும். மறுபடி சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தோம். இடதிலும் வலதிலும் ஒரே அளவு மெல்லிய உரசல். அதன்பிறகுதான் கைப்பிடிக்கு வந்தோம்.

கைப்பிடியை 20 கிலோ விசையோடு இழுக்கும்போது 6 முதல் 9 கிளிக்குக்குள் நிற்க வேண்டும் என்கிறது கையேடு. 20 கிலோ என்பதைக் கையால் ஊகிக்க முடியாது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு சிங்கப்பூரில் எந்தத் தமிழ் வீட்டிலும் இருக்கும். கைப்பிடியின் முனையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி, தராசின் கொக்கியை மாட்டி, 20 காட்டும்வரை மேலே இழுத்தோம். நட்டை அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கி ஏழாவது கிளிக்கில் நிறுத்தினோம். நட்டில் பெரிதாக ஒன்றும் வேலை இருக்கவில்லை. சக்கரப் பக்கம் சரியாக இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

பிறகு கைப்பிடியை முழுதாக இறக்கிவிட்டு மறுபடியும் இரண்டு சக்கரங்களையும் கையால் சுற்றினோம். உரசல் கூடியிருந்தால் நட்டைத் தளர்த்தியிருக்க வேண்டும், கூடவில்லை. கைப்பிடி முதல் கிளிக் ஏறியதும் சிவப்பு விளக்கு எரிகிறதா, இறங்கியதும் அணைகிறதா என்று பார்த்துவிட்டுச் சக்கர நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம்.

புதிய ஷூக்கள் டிரம்மோடு பழகச் சில நூறு கிலோமீட்டர் சாதாரண ஓட்டமே போதும். விரைவுச்சாலையில் கைப்பிரேக்கை இழுத்து இழுத்துப் பழக்கும் வித்தையைச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்சக்கரம் பூட்டிக் கார் சுழன்றால் பழகப்போவது தடுப்புச்சுவரோடுதான்.

முடிவும் தொடரும் விஷயங்களும்

மறுசோதனையில் கார் தேறியது. இடதுக்கும் வலதுக்கும் பேச்சுக்குச் சொல்லும் அளவு வேறுபாடுதான். மிதிகட்டை மேலேயே நிற்கிறது. ஓட்டிவந்து நிறுத்தினால் இரண்டு பின்சக்கரங்களிலும் வெப்பம் ஒரே மாதிரி இருக்கிறது. சில மாதங்களுக்குப் பிறகு அதே தராசால் இழுத்துப் பார்த்தபோதும் கைப்பிடி ஏழில்தான் நின்றது. இதுதான் எனக்கு முக்கியமான சான்று. தேய்மானத்தைப் பல்சக்கரங்கள் ஈடுகட்டுகின்றன என்று பொருள்.

மைத்துனரின் ஒரு பழக்கத்தையும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. தானியங்கி கியர் என்பதால் P போட்டுவிட்டு இறங்கிவிடுவார். கைப்பிரேக்கைச் சரிவில் மட்டும் தொடுவார். இழுபடாத கேபிளில் துரு சீக்கிரம் பிடிக்கும். சரிவில் P மட்டும் போட்டால் காரின் எடை முழுவதும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியில் தொங்கும். கிளம்பும்போது 'டொக்' என்று ஓசை வருவது அதனால்தான். கால்பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், கைப்பிரேக், பிறகு காலை மெல்ல எடுத்து எடையைக் கைப்பிரேக் ஏற்கவிடுவது, மறுபடி மிதித்து P: இந்த வரிசைக்கு மாறிக்கொண்டார். விதிவிலக்கு ஒன்று உண்டு. மழையில் ஓட்டிவந்து, மட்டமான இடத்தில் காரை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போவதாக இருந்தால் கைப்பிரேக் வேண்டாம். ஈர ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். P போதும்.

இங்கே சொன்னது பின்னால் டிரம் பிரேக்கும், கையால் இழுக்கும் கைப்பிடியும் உள்ள காருக்குப் பொருந்தும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் சிலவற்றில் கைப்பிரேக்குக்கென்று டிஸ்க்கின் நடுவே தனிச் சிறு டிரம் இருக்கும். அதிலும் ஷூ முதலில், கேபிள் பிறகு என்ற வரிசைதான். பொத்தானை அழுத்தினால் மோட்டார் இயங்கும் மின்னணு நிறுத்துபிரேக்கில் வீட்டில் திருப்ப எதுவும் இல்லை. பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் அதைப் பிரித்தால் மோட்டார் விரலை நசுக்கும்.

இடது கேபிளை மாற்றவில்லை. ஜோடியாக மாற்றுவதே ஒழுங்கு என்று பட்டறைக்காரர் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் கம்பி வழுக்கிக்கொண்டு போய்வருகிறது, ரப்பர் உறை முழுதாக இருக்கிறது, ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது என்பதால் 2027இல் கார் பதிவிலிருந்தே போய்விடும். ஒவ்வோர் ஆண்டுச் சோதனைக்கு முன்பும் அந்த ரப்பரைக் குனிந்து பார்த்துவிடுவதாகப் பேசிவைத்திருக்கிறோம்.